போனுக்குத் தனித்தடம் கொடுங்கள்

ஈரோடு பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. கேஷுவாலிட்டியில் இருந்த சிஸ்டர் ரத்த வங்கிக்குப் போன் போட்டு, "ஏபி நெகடிவ் ரெண்டு பை வேணும்" என்றார். அங்கே போனை எடுத்த தம்பி நோட்டில் எழுதியது "பி நெகடிவ், 2". எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அந்த ரத்த வங்கியின் விதி. அவர் வாசித்தார், சிஸ்டர் திருத்தினார், சரியான பை போய்ச் சேர்ந்தது. எப்படியும் கிராஸ் மேட்ச் பார்க்காமல் யாரும் ரத்தம் ஏற்றப் போவதில்லை. ஆகவே அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தம்பி காது மந்தமானவர் இல்லை. சிஸ்டரும் வாய்க்குள் முணுமுணுக்கிறவர் இல்லை. 'ஏ' என்ற ஒரு நெடில், கீழ்த்தளத்துக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அதைத் தேடித் தரத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். 1994இல் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலை. காதில் ஹெட்செட், முன்னால் இபிஏபிஎக்ஸ் பலகை, 80 எக்ஸ்டென்ஷன். லைனில் என்ன கோளாறு என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லப் பழகியது அங்கேதான். கரகரவென்று இரைந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருக்கிறது. 'ம்ம்ம்' என்று ஒரே சீராக முனகினால் போன் ஒயரை ஒட்டியே கரன்ட் ஒயர் ஓடுகிறது. பக்கத்து லைன் பேச்சு மெலிதாகக் கேட்டால் டிபி பெட்டியில் ஜோடி மாறியிருக்கிறது. பழுது பார்க்க வருகிற அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, கிரோன் டூலால் ஒயர் அடிக்கவும் கற்றுக்கொண்டேன். 2004இல் நெட்வொர்க் படிப்பு படித்துத் தேர்வு எழுதினேன். இப்போது நானும் இரண்டு பையன்களுமாக, மருத்துவமனை, மில், பள்ளிக்கூடம் என்று போனும் கம்ப்யூட்டரும் ஒன்றாக ஓடுகிற இடங்களைப் பராமரிக்கிறோம்.

பழைய போனுக்கும், கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகப் பேசுகிற ஐபி போனுக்கும் என் காதுக்குத் தெரிகிற பெரிய வேறுபாடு இதுதான்: ஐபி போன் கரகரக்காது. அது குரலை வெட்டும். வெட்டின இடத்தில் சுத்தமான அமைதி இருக்கும். கரகரப்பு வந்தால் "என்ன சொன்னீங்க?" என்று கேட்கத் தோன்றும். அமைதி வந்தால் கேட்கத் தோன்றாது, காது தானாகவே இரண்டு பக்கத்தையும் ஒட்டிக்கொள்ளும். 'ஏபி'யில் 'ஏ' போனால் 'பி' என்பது முழுச்சொல்லாகவே கேட்கிறது. நம் மொழியில் முதல் அசை போனாலும் பொருள் தருகிற சொற்கள் ஏராளம். எண்களில் இது இன்னும் மோசம். 'பதினஞ்சு' என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், எதிர்முனையில் 'அஞ்சு' என்று எழுதிக்கொள்வார்கள்.

மருத்துவமனைக்கு நான் போவதற்கு முன்பே போன்களை ஒரு முறை மாற்றியிருந்தார்கள், கேபிளையும் மாற்றியிருந்தார்கள். கோளாறு போகவில்லை. கேஷுவாலிட்டி சிஸ்டர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஏனுங்க அக்கா, தண்ணிக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருக்குதுங்க. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிருதுங்க." எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த 'தானா சரியாயிருதுங்க'. ஒயர் கெட்டிருந்தால் தானாகச் சரியாகாது. போன் கெட்டிருந்தாலும் ஆகாது. வேறு ஏதோ ஒன்று வருகிறது, போகிறது.

ஒரு நாள் காலை எட்டு மணியிலிருந்து கேஷுவாலிட்டி மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எப்போதெல்லாம் குரல் வெட்டியதோ அப்போதெல்லாம் மணி குறித்தேன். 9:42, 9:55, 10:08, 10:09, 10:26. பத்தரை மணி சுமாருக்குத்தான் எதிர்ச்சுவரில் இருந்த சிடி ஸ்கேன் அறையின் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். விளக்கு அணையும், ஸ்ட்ரெச்சர் வெளியே வரும், ஓரிரு நிமிடத்தில் போன் வெட்டும். அடுத்த பக்கத்தில் விளக்கு அணைந்த நேரத்தையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கினேன். பதினோரு மணிக்கு எனக்குச் சந்தேகமே இல்லை.

கணக்கு எளிது. சிடி ஸ்கேனின் ஒரு படம் 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட். படம் ஒன்றுக்கு அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு 400 படம் என்று வைத்தால் 200 மெகாபைட். கீழ்த்தளத்திலிருந்து மேலே சர்வர் அறைக்குப் போகிற ஒயர் நூறு எம்பி ஒயர், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். வேறு எதுவுமே அதில் போகாவிட்டாலும் அந்தப் படங்கள் போய்ச் சேரக் குறைந்தது 16 நொடி. அந்த 16 நொடியும் ஒயர் முழுக்க ஸ்கேனுக்கே சொந்தம். கேஷுவாலிட்டியிலிருந்து ரத்த வங்கிக்குப் போகிற பேச்சும் அதே ஒயரில்தான் ஏற வேண்டும்.

பேச்சு என்ன அவ்வளவு பெரியதா என்றால், இல்லை. ஐபி போன் நம் குரலை 20 மில்லி நொடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, 160 பைட் 160 பைட்டாக, நொடிக்கு 50 பாக்கெட் அனுப்புகிறது. முகவரிகளையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட். நூறு எம்பி ஒயரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஸ்கேன் படமும் பேச்சும் ஒரே வரிசையில் நிற்கும்போது வரிசை நிரம்பினால், ஒயர்களை எல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி கடைசியாக வந்ததைக் கீழே போட்டுவிடும், அது எதுவென்று பார்க்காது. ஸ்கேன் படத்தின் பாக்கெட் விழுந்தால் கம்ப்யூட்டர் அதை மறுபடியும் அனுப்பும். படம் இரண்டு நொடி தாமதமாக, ஒரு புள்ளி குறையாமல் போய்ச் சேரும். குரலின் பாக்கெட் விழுந்தால் விழுந்ததுதான். மறுபடி அனுப்பினாலும் பயனில்லை, அதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். ஒரு 'ஏ' சொல்ல ஐந்தில் ஒரு நொடி ஆகும் என்று வைத்தால் பத்து பாக்கெட். அந்தப் பத்தும் அன்றைக்கு ஸ்கேன் படத்துக்குப் பின்னால் நின்று விழுந்திருக்கின்றன.

குரலும் டேட்டாவும் இரண்டு வேறு பிறவிகள் என்பது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1974இல் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில், கலிபோர்னியாவில் இருந்த தகவல் அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்துக்கும் நடுவில் பாக்கெட்டுகளாகக் குரலை அனுப்பிப் பேசிப் பார்த்தார்கள். அந்த வேலையில் முன்னின்றவர் டேனி கோஹன். தவறாமல் போய்ச் சேர்வதைவிட நேரத்துக்குப் போய்ச் சேர்வதே குரலுக்கு முக்கியம் என்று அவர் விடாமல் வாதாடினார். இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளை அப்போது ஒரே கட்டாக எழுதிவைத்திருந்தார்கள். அதை ஐபி தனி, டிசிபி தனி என்று 1970களின் பிற்பகுதியில் பிரித்ததற்கு அவருடைய வாதமும் ஒரு காரணம். விழுந்ததை மறுபடி அனுப்பும் வேலை டிசிபியோடு போயிற்று. அந்த வேலை வேண்டாம் என்கிற குரல் யுடிபி என்ற வேறு வழியாகப் போகலாம் என்று ஆயிற்று. இன்றைக்கு நம் மேசையில் இருக்கும் ஐபி போன் பேசுவது அந்த வழியில்தான்.

ஒரே ஒயரில் குரலுக்குத் தனித்தடம் போடும் முறைக்கு வீலேன் என்று பெயர். அதன் கதையும் குரலில்தான் தொடங்குகிறது. டேவிட் சின்காஸ்கி என்ற பொறியாளர் 1980களின் தொடக்கத்தில் ஈதர்நெட்டில் குரலை அனுப்பிப் பார்த்தவர். பிறகு பெல்கோர் நிறுவனத்தில் சேர்ந்து, ஈதர்நெட்டை எப்படிப் பெரிதாக்குவது என்று யோசித்தபோது பிறந்ததுதான் வீலேன் யோசனை. ஒரே சுவிட்ச்தான், ஒரே ஒயர்தான், ஆனால் அதற்குள் ஒன்றை ஒன்று பார்க்காத பல நெட்வொர்க்குகள். 1998இல் அது 802.1கியூ என்ற பெயரில் ஐஇஇஇ தரமாக வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பகுதியிலும் நான்கு பைட் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். சீட்டில் 12 பிட் இடம் வீலேன் எண்ணுக்கு. அதனால் 1 முதல் 4094 வரை எண் கொடுக்கலாம். இன்னொரு 3 பிட் இடம், இது எவ்வளவு அவசரமானது என்று சொல்ல. 0 முதல் 7 வரை. குரலுக்கு வழக்கமாக 5.

அந்த மூன்று பிட்டை மறந்துவிடாதீர்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

இப்போது மேசைக்கு வருவோம். சுவரில் ஒரு சாக்கெட். அதிலிருந்து ஒரு ஒயர் போனுக்குப் போகிறது. போனின் பின்பக்கம் இருக்கும் இன்னொரு ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். ஆக, ராக் அலமாரியில் இருக்கும் சுவிட்சின் ஒரே போர்ட்டில் இரண்டு பேர் தொங்குகிறார்கள். போனுக்குள்ளேயே மூன்று வாசல் கொண்ட ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது என்பது அதைத் தினமும் எடுத்துப் பேசுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. ஒரு வாசல் சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று உள்ளேயே இருக்கும் போனுக்கு.

சுவிட்சின் அந்தப் போர்ட்டில் நாங்கள் எழுதுவது முக்கியமாக இரண்டே வரி. இந்தப் போர்ட்டில் வரும் கம்ப்யூட்டருக்கு வீலேன் 20. போனுக்கு வீலேன் 120. அவ்வளவுதான். போனுக்குக் கரன்ட் வந்து அது கண் விழித்ததும் சுவிட்சிடம் "நான் ஒரு போன்" என்று அறிவிக்கிறது. "உனக்கு 120, அவசர எண் 5" என்று சுவிட்ச் பதில் சொல்கிறது. இந்த உரையாடலுக்கு எல்எல்டிபி-மெட் என்று பெயர், 2006இல் தரமாக வந்தது. சிஸ்கோ போன்களும் சிஸ்கோ சுவிட்சுகளும் அதற்கு முன்பிருந்தே சிடிபி என்ற சொந்த முறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தன. அதன் பிறகு போன் தன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 120 என்ற சீட்டை ஒட்டியே அனுப்புகிறது. கம்ப்யூட்டர் வழக்கமாகச் சீட்டு எதுவும் ஒட்டுவதில்லை. சீட்டில்லாமல் வந்தால் அது கம்ப்யூட்டர் என்று சுவிட்ச் 20இல் சேர்த்துவிடுகிறது. ஒரே ஒயரில் வந்த இருவரும் ராக்கில் நுழைகிற இடத்திலேயே பிரிகிறார்கள்.

என் தொழிலில் இருக்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இந்த இடத்தில்தான். வீலேன் பிரித்தாயிற்று, வேலை முடிந்தது என்று பில் போட்டுப் போய்விடுகிறார்கள். பிரித்தால் மட்டும் ஒயர் அகலமாகிவிடாது. 20இன் பாக்கெட்டும் 120இன் பாக்கெட்டும் மாடிக்குப் போகிற அதே நூறு எம்பி ஒயரில்தான் ஏற வேண்டும். ஸ்கேன் படம் வரிசையை நிரப்பினால் 120 என்ற எண் மட்டும் குரலைக் காப்பாற்றாது. காப்பாற்றுவது அந்த மூன்று பிட். 5 என்று எழுதி வருகிற பாக்கெட்டைத் தனி வரிசையில் நிறுத்து, அந்த வரிசையில் ஆள் இருக்கும்வரை மற்றவரை விடாதே என்று மாடிக்குப் போகிற போர்ட்டிலும் எழுத வேண்டும். பெரிய ஸ்கேன் பாக்கெட் ஒன்று 1,500 பைட். நூறு எம்பி ஒயரில் அது கடக்க எட்டில் ஒரு மில்லி நொடி. குரலின் பாக்கெட் தனக்கு முன்னால் ஏற்கெனவே ஏறிவிட்ட அந்த ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தால் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேச்சு 150 மில்லி நொடிக்குள் போய்ச் சேர்ந்தால் மனிதக் காதுக்கு உறுத்தாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்குப் பக்கத்தில் எட்டில் ஒரு மில்லி நொடி ஒன்றுமே இல்லை.

அப்படியானால் அவசர எண்ணை மட்டும் எழுதினால் போதாதா, வீலேன் எதற்கு என்று என்னிடம் வேலை பழகுகிற பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்த 5ஐ யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியும் என்பதால்தான் வீலேன் வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் தன் பாக்கெட்டில் 5 என்று எழுதி அனுப்பினால், நல்ல ஐபி போன் அதைத் தன் குட்டி சுவிட்சிலேயே 0 ஆக்கிவிடும், அப்படிச் செய்யும்படி நாம் சொல்லிவைத்திருந்தால். போன் தனி நெட்வொர்க்கில் இருந்தால்தான் யார் சொல்லை நம்புவது, யார் சொல்லை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கோடு கிழிக்க முடியும். இன்னொன்று, ஒரே நெட்வொர்க்கில் 200 கம்ப்யூட்டர்கள் இருந்தால் ஒவ்வொன்றும் "இந்த முகவரிக்காரர் யார்?" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்திக்கொண்டே இருக்கும். அத்தனை கத்தலையும் ஒவ்வொரு போனும் நின்று கேட்க வேண்டும். வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர் ஒன்று பேயாட்டம் ஆடினால் போன்களும் சேர்ந்து ஆடும். தனி வீலேனில் அந்தக் கூச்சல் போன்களின் காதுக்கு எட்டாது.

அதோடு ரகசியம். மருத்துவமனைப் போனில் என்னவெல்லாம் பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கர்ப்பப் பரிசோதனை முடிவு, ஒரு இளைஞனின் எச்ஐவி முடிவு, யார் விஷம் குடித்து வந்திருக்கிறார் என்பது. போனும் கம்ப்யூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தால், காத்திருப்பு அறை சாக்கெட்டில் லேப்டாப்பைச் செருகுகிற ஒருவன் அந்தப் பேச்சைத் தன் பக்கம் திருப்பிப் பதிவுசெய்ய முடியும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளே அதை ஒலியாகப் போட்டுக் காட்டும். ஆபரேட்டராக இருந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், லைனை இணைத்ததும் காதை எடுத்துவிட வேண்டும் என்பது. அந்த ஒழுக்கத்தை இப்போது சுவிட்ச் போர்ட்டில் எழுத வேண்டியிருக்கிறது.

இதிலும் பாதி உண்மை சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. வீலேன் பூட்டு அல்ல. லேப்டாப்பே "நான் ஒரு போன்" என்று பொய் சொல்லி 120இன் சீட்டை ஒட்டிக்கொண்டு உள்ளே வரலாம். அதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. ஆகவே போர்ட்டில் யார் வருகிறார் என்று அடையாளம் கேட்கும் 802.1எக்ஸ் ஏற்பாடும், பேச்சையே மறைகுறியாக்கும் எஸ்ஆர்டிபியும் வேண்டும். எஸ்ஆர்டிபி 2004இலிருந்தே இருக்கிறது. பெரும்பாலான போன்களில் அது இருந்தும், நான் போகிற இடங்களில் அணைத்தே கிடக்கிறது.

"இப்போ எல்லாம் ஜிகாபிட் மேடம், இதெல்லாம் பழைய கதை" என்று சுவிட்ச் விற்கிறவர்கள் சொல்வார்கள். ஆறு பேர் வேலை செய்கிற ஆடிட்டர் அலுவலகத்தில் அது சரிதான். அங்கே போய் நான் வீலேன் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒயர் அகலமானால் அதை நிரப்ப வருகிறவையும் பெரிதாகின்றன. அந்த மருத்துவமனையில் இப்போது எம்ஆர்ஐ வந்திருக்கிறது, எண்பது கேமரா வந்திருக்கிறது, இரவு பேக்கப் ஓடுகிறது. இவை எல்லாம் சேர்ந்து ஒரே கணம் வந்து விழும்போது ஜிகாபிட் வரிசையும் நிரம்பும். அந்தக் கணம் எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே என்பார்கள். கீழ்த்தளத்து ஸ்கேன் அறைக்குச் செல்போன் சிக்னல் இறங்குவதில்லை. ஷிப்ட் மாறும்போது சிஸ்டரின் செல்போன் அவரோடு வீட்டுக்குப் போய்விடும், மேசைப் போன் மேசையிலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டரிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பேசுகிற அலுவலகங்கள் பெருகிவிட்டன. அங்கே குரலும் டேட்டாவும் ஒரே பெட்டியிலிருந்து சீட்டில்லாமல் வருகின்றன. போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. அந்த மென்பொருளே பாக்கெட்டில் அவசர எண்ணை எழுத வேண்டும், சுவிட்ச் அதைச் சரிபார்த்து நம்ப வேண்டும். அது வேறு வேலை, இன்னும் கடினமான வேலை.

நான் கோபப்படுவது போட வேண்டிய இடத்தில் போடாமல் விடுகிறார்களே என்பதற்கு. நான் பார்த்த டெண்டர் தாள்களில் பெரும்பாலும் 'ஐபி போன் 70, சுவிட்ச் 6' என்று எண்ணிக்கை இருக்கும், இரண்டு வருட வாரண்டி இருக்கும். குரலுக்குத் தனி வீலேன், மாடி போர்ட்டில் தனி வரிசை என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால், விலை குறைத்துக் கேட்கிறவர் எதுவும் எழுதமுடியாத மலிவுச் சுவிட்சைக் கொண்டுவந்து ராக்கில் ஏற்றிவிடுகிறார். நல்ல சுவிட்ச் இருந்தாலும், மேசைக்கடியில் சாக்கெட் போதவில்லை என்று யாரோ கடையில் வாங்கிய எட்டு போர்ட் டப்பா ஒன்றைத் தொங்கவிடுவார்கள். "நான் ஒரு போன்" என்ற அறிவிப்பு பல நேரம் அந்த டப்பாவைத் தாண்டிப் போவதே இல்லை. பிறகு அந்த மேசையின் போன் கம்ப்யூட்டர்களோடு 20இல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கரன்ட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய லேண்ட்லைனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்தது. ஊரே இருட்டானாலும் போன் பேசும். ஐபி போனுக்கு அந்தக் கரன்ட்டை சுவிட்ச்தான் ஒயர் வழியே கொடுக்கிறது. 2003இல் வந்த தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட். சுவிட்சுக்கு யுபிஎஸ் இல்லையென்றால் கரன்ட் போன நொடியில் எழுபது போனும் ஊமை. மருத்துவமனையில் மாடி ராக்குக்கு யுபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டால், கம்ப்யூட்டருக்கு இருக்கிறது என்று பதில் வருகிறது.

இன்னொரு சம்பவம். ஒரு மில் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு மேசைகளை எல்லாம் நகர்த்திக் கழுவித் துடைத்தார்கள். திருப்பி வைக்கும்போது, ஒரு போனின் இரண்டு ஒயர்களையும் சுவரில் இருந்த இரண்டு சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். போன் வழியாக நெட்வொர்க் ஒரு வளையமாகிவிட்டது. விடுமுறை முடிந்த காலையில் கத்தல் எல்லாம் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றி, கம்ப்யூட்டரும் இல்லை, போனும் இல்லை. துடைத்த அம்மாவைத் திட்டினார்கள். எனக்கு மனசு பொறுக்கவில்லை. இரண்டு ஒயர், இரண்டு ஓட்டை, அவர் வேறு என்ன செய்வார்? தான் அனுப்பிய அடையாளச் செய்தியே திரும்பி வந்தால் அந்தப் போர்ட்டை மூடு என்று சுவிட்சில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஒரு மேசையோடு போயிருக்கும். அதை எழுதாமல் விட்டது எங்கள் தொழில்காரர் யாரோ ஒருவர்தான்.

ஆகவே மருத்துவமனை நிர்வாகிகளிடமும், டெண்டர் எழுதுகிற அதிகாரிகளிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லை. பில் பாஸ் செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரிலிருந்து மாடிக்கு ஒரு பெரிய வீடியோ கோப்பைக் காப்பி போடுங்கள், நான்கைந்து கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கீழிருந்து போனில் ஏ, பி, ஏபி, ஓ, பதினஞ்சு, அம்பது, அஞ்சு என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். மாடியில் ஒருவர் எழுதட்டும். இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். இதற்கு நெட்வொர்க் படித்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், எந்தப் போர்ட் எந்த மேசைக்குப் போகிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். ராக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றால் ஏற்காதீர்கள். நெட்வொர்க் படுத்துவிட்ட நாளில்தான் அந்தத் தாள் தேவைப்படும்.

ஈரோட்டு மருத்துவமனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துக்கொண்டு, குரலுக்குத் தனி வீலேனும் தனி வரிசையும் எழுதினோம். புது ஒயர் இழுக்கவில்லை, புதுப் போன் வாங்கவில்லை. அவர்களிடம் இருந்தது எழுதக்கூடிய நல்ல சுவிட்ச்தான், யாரும் எழுதாமல் விட்டிருந்தார்கள். எழுபது போர்ட்டில் இரண்டிரண்டு வரி, மாடிக்குப் போகிற போர்ட்டுகளில் வரிசை, வளையத்துக்கு ஒரு வரி. திங்கள் காலை ஒன்பதரைக்கு மறுபடி அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது, ஸ்ட்ரெச்சர் வந்தது. சிஸ்டர் ரத்த வங்கியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எங்கும் வெட்டவில்லை. அந்தப் பக்கத்துத் தம்பி பை எண்களைத் திருப்பி வாசித்ததைப் பக்கத்தில் இருந்த நானே ஒவ்வொரு எண்ணாகக் கேட்டேன்.

போன வருடம் எம்ஆர்ஐ அறை வேலைக்காக மறுபடி அங்கே போனேன். மாடி ராக்கைத் திறந்தேன். நான் ஒட்டிய தாள் பழுப்பேறி, ஓரத்தில் டேப் பிரிந்து, இன்னும் அங்கேயே இருந்தது. என் எழுத்துக்குக் கீழே, எனக்குத் தெரியாத யாருடைய கையெழுத்திலோ, பச்சை மையில் ஒரு வரி சேர்ந்திருந்தது: போர்ட் 31, டயாலிசிஸ் புது மேசை, கம்ப்யூட்டர் 20, போன் 120.